ரோஸ் பட்டு, பச்சைக் கரை, இருபது முத்து: ஒரு சொராரிட்டியின் சின்னங்களோடு பழகும் முறை

காஞ்சிப் பட்டில் ரோஸ் உடலும் பச்சைக் கரையும் சேர்ந்தால் நமக்கு அது கல்யாண வீட்டுச் சேலை. அதையே கட்டிக்கொண்டு வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவுக்குப் போனால், எதிரே வரும் முன்பின் அறியாத பெண்மணி ஒருவர் முகம் மலர்ந்து, கீச்சென்ற உச்சக் குரலில் "ஸ்கீ-வீ" என்று அழைக்கக்கூடும். அழைத்துவிட்டு, பதில் குரலுக்குக் காத்திருப்பார். இளஞ்சிவப்பும் பச்சையும் சேர்ந்த உடுப்பு அந்த இடத்தில் ஓர் அறிவிப்பு. "நான் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சொராரிட்டியைச் சேர்ந்தவள்" என்று வாய்விட்டுச் சொல்வதற்குச் சமம். சுருக்கமாக ஏ.கே.ஏ எனப்படும் அது கறுப்பினக் கல்லூரிப் பெண்களின் சங்கம்.

பேத்தியின் விழாவுக்கு வந்த பாட்டியை யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விஷயத்தைச் சொல்லி, சேலையையும் பாராட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் அங்கே படிக்கும் மாணவி ஒருத்தி, உறுப்பினராக இல்லாமல், அதே வண்ணங்களில் அவர்களுடைய நிகழ்ச்சியில் வந்து நின்றால் "இது தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா?" என்ற பார்வை எல்லாப் பக்கமிருந்தும் விழும். பின்னாளில் அவளே அந்த அமைப்பில் சேர விரும்பினால் அந்த ஒரு மாலைப்பொழுது அவளுக்கு எதிராக நினைவில் வைக்கப்படும். அமெரிக்காவில் படிக்கப் போகும் நம் பெண்களுக்கும், அனுப்பிவிட்டுக் கவலைப்படும் வீட்டாருக்கும் பயன்படட்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறோம்.

முதலில் பெயர். சொராரிட்டி என்பது கல்லூரிப் பெண்களின் சங்கம். பெயருக்குக் கிரேக்க எழுத்துகளை வைத்துக்கொள்வார்கள். 'சொரார்' என்றால் லத்தீனில் சகோதரி. இந்தச் சொல்லே 1874-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரகியூஸில் காமா ஃபை பீட்டா என்ற பெண்கள் சங்கம் தொடங்கிய பிறகு, அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி சொல்லிக் கொடுத்தது. அதற்கு முன் பெண்களின் சங்கங்களையும் 'ஃப்ரட்டெர்னிட்டி' (சகோதரர் சங்கம்) என்றே சொன்னார்கள். ஏ.கே.ஏ உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் 'சொரார்' என்றுதான் விளிப்பார்கள். வெளியாள் அன்பு மிகுதியில் அப்படிக் கூப்பிடக் கூடாது. நம் ஊரில் எவரையும் அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் இதில்தான் முதலில் சறுக்குவார்கள். அங்கே அது பொது உறவுச்சொல் இல்லை, உறுப்பினர் உரிமை.

இங்கே ஏ.கே.ஏ-வை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கறுப்பினக் கல்லூரிப் பெண்களுக்கான முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அது. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்து பி.வி. கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ் 1986-இல் ஹோவர்டில் படிக்கும்போது அதில் சேர்ந்தார். அவர் கழுத்து முத்துமாலையை நாம் எல்லோரும் படங்களில் பார்த்திருக்கிறோம். 2021 ஜனவரி 20 பதவியேற்பு அன்று அமெரிக்கா முழுவதும் பல பெண்கள் முத்து அணிந்தார்கள். 2020 தேர்தலின்போது அவருக்கு வந்த நன்கொடைகளில் 19.08 டாலர் என்ற விநோதத் தொகை திரும்பத் திரும்ப வந்தது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: சங்கம் பிறந்த ஆண்டு 1908, அதன் அணிகலன் முத்து.

அந்த முத்துக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டால் இந்த அமைப்பின் வரலாறு பாதி விளங்கிவிடும். 1908 ஜனவரி 15 அன்று எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முயற்சியில் 9 பேர் ஹோவர்டில் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே இரண்டாம் ஆண்டு மாணவிகள் 7 பேர் சடங்கு எதுவும் இல்லாமல் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். 1913-இல் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்தபோது மேலும் 4 பேர் நிறுவனர் வரிசையில் சேர்ந்தார்கள். 9, 7, 4. ஆக 20. அந்த இருபது பேருக்காக, ஐவிக் கொடியின் இலை வடிவத்தில் உள்ள அதிகாரப்பூர்வ பின்னின் (உடையில் குத்தும் சின்னம்) விளிம்பில் இருபது முத்துகள். கழுத்தில் போடும் மாலையில் எண்ணி இருபது இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 8 மில்லிமீட்டர் முத்தில் 45 சென்டிமீட்டர் மாலை கோக்க ஐம்பதுக்கும் மேல் வேண்டும். இருபதைத் தனியே காட்ட விரும்புகிறவர்கள் சங்கிலியில் இடைவெளி விட்டுக் கோத்துச் செய்யச் சொல்வார்கள். பரிசு வாங்கப் போகிற குடும்பத்தார் கடையில் "இருபது முத்து மாலை" என்று மட்டும் சொல்லி வாங்கி, கழுத்தைச் சுற்றவே எட்டாத சரத்தோடு வந்து நிற்பது உண்டு. முதலில் நீளத்தையும் முத்தின் அளவையும் சொல்லுங்கள். ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். நூல் அறுந்தாலும் ஒரு முத்தோடு போகும். சென்ட் அடித்து, அலங்காரம் முடித்த பிறகே முத்தை அணிய வேண்டும். வியர்வையும் சென்ட்டும் அதன் மேற்பூச்சை மங்கச் செய்யும். கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்து, மற்ற நகையோடு உரசாமல் தனியே வைக்க வேண்டும்.

1913-இல் ஏன் அவசரமாகப் பதிவு செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் மிக முக்கியமான இடம். 1912-இல் ஹோவர்டில் அப்போது படித்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள் 22 பேர் சங்கத்தின் பெயர், வண்ணம், குறிக்கோள் வாசகம் எல்லாவற்றையும் மாற்ற விரும்பினார்கள். பொதுவாழ்வில், அரசியலில் இன்னும் வலுவாக இறங்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். படிப்பு முடித்து வெளியே போயிருந்த நெல்லி குவாண்டர் இதைக் கேள்விப்பட்டு மறுத்தார். முடிவெடுக்க அவர்களுக்குக் கெடு வைத்தார். அவர்கள் இணங்கவில்லை. 1913 ஜனவரி 13 அன்று அந்த 22 பேரும் டெல்டா சிக்மா தீட்டா என்ற புதிய சொராரிட்டியைத் தொடங்கினார்கள். 16 நாள் கழித்து, ஜனவரி 29 அன்று, குவாண்டரும் தோழியரும் ஏ.கே.ஏ-வைப் பதிவு செய்து, பழைய பெயரையும் வண்ணங்களையும் சட்டத்தின் பாதுகாப்பில் வைத்தார்கள்.

இதைச் சிலர் "அரசியல் பேசியவர்கள் டெல்டா, தேநீர் விருந்து நடத்தியவர்கள் ஏ.கே.ஏ" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் டெல்டா நிறுவனர்கள் நடந்தார்கள். அதுவே அவர்களுடைய முதல் பொதுச்செயல். உண்மைதான். ஆனால் அதே ஊர்வலத்துக்காக, ஹோவர்டு மாணவிகளுக்குக் கல்லூரிப் பெண்கள் பிரிவில் பாகுபாடு இல்லாத இடம் வேண்டும் என்று அமைப்பாளர் ஆலிஸ் பாலுக்கு அந்தப் பிப்ரவரியில் கடிதம் எழுதியவர் நெல்லி குவாண்டர். இரண்டு தரப்புமே மெய்யான அக்கறையோடு இருந்தார்கள். சின்னங்களை மாற்றலாமா கூடாதா என்பதில்தான் பிரிந்தார்கள். ஒரு நிறத்துக்காக இவ்வளவா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்த நாளில், அந்த நாட்டில், ஒரு கறுப்பினப் பெண் தானே தேர்ந்து, தானே பெயரிட்டு, தானே சட்டத்தில் பதிந்து வைத்த சொத்துகள் மிகக் குறைவு. அதை மனதில் வைத்துப் பார்த்தால் இன்றைய கண்டிப்பு புரியும்.

வண்ணங்களைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஏ.கே.ஏ-வுக்கு சாமன் பிங்க், ஆப்பிள் கிரீன். சாமன் பிங்க் நம் பட்டுச் சேலையின் அடர்ந்த ராணி ரோஸ் அல்ல, லேசாக ஆரஞ்சு கலந்தது. ஆப்பிள் கிரீன் கிளிப்பச்சைக்கு நெருக்கம். நடைமுறையில் இந்த இரண்டின் எந்தச் சாயல் சேர்ந்தாலும் கண் அவர்களையே நினைக்கும். டெல்டாவுக்குக் கருஞ்சிவப்பும் சந்தன வெள்ளையும். 1920 ஜனவரி 16 அன்று ஹோவர்டிலேயே தொடங்கிய ஜீட்டா ஃபை பீட்டாவுக்கு ராயல் நீலமும் வெள்ளையும். 1922 நவம்பர் 12 அன்று இண்டியானாபொலிஸில் ஆசிரியைகள் 7 பேர் தொடங்கிய சிக்மா காமா ரோவுக்கு ராயல் நீலமும் தங்கமும். நம் பட்டில் நீல உடலும் ஜரிகைக் கரையும் எவ்வளவு சாதாரணம் என்று யோசித்துப் பாருங்கள்! இந்த நான்கில் எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் விருந்தினருக்குப் பாதுகாப்பான வழி ஒன்றுதான்: நான்கின் சேர்க்கைகளையும் தவிர்த்து, கறுப்பு, சாம்பல், பழுப்பு என்று எதையாவது உடுத்துவது. ஒற்றை நிறம் தவறில்லை. சேர்க்கைதான் பேசும்.

எழுத்துகள், பின் ஊசி பற்றிச் சுருக்கமாக. கிரேக்க எழுத்துப் பொறித்த டி-ஷர்ட், ஜாக்கெட், கைப்பை எதையும் உறுப்பினர் அல்லாதவர் அணியக் கூடாது. அறைத்தோழியுடையதை இரவல் வாங்கிக் குளிருக்குப் போட்டுக்கொள்வதும் இதில் அடக்கம். உறுப்பினரின் அம்மா அணிவதற்கென்று "ஏ.கே.ஏ அம்மா" என்ற பொருள்படும் வாசகத்தோடு தனியே சட்டைகள் விற்கிறார்கள், அவற்றை வாங்கலாம். பின் ஊசி இடது மார்பில், இதயத்துக்கு மேலே, விழாவுக்குரிய உடையில் குத்துவது. டி-ஷர்ட்டில், குளிர்க் கோட்டில் குத்துவது அதை மதிக்காததாகவே கொள்ளப்படும். சேர்வதற்கு முன்பே "எப்படியும் கிடைத்துவிடும்" என்று எழுத்துப் போட்ட பொருளைப் பரிசாக வாங்கி வைப்பது மிகப் பெரிய பிழை. கையில் அது இருப்பது தெரிந்தால், ரகசியம் காக்கத் தெரியாதவள் என்று பெயராகிவிடும்.

குரலும் கையும் அப்படியே. ஸ்கீ-வீ ஏ.கே.ஏ-வினுடையது. டெல்டாவுக்கு "ஊ-ஊப்". ஜீட்டாவுக்கு "ஈ-ஐ-கீ". சிக்மா காமா ரோவுக்கு "ஈ-யிப்". ஏ.கே.ஏ உறுப்பினர் சுண்டுவிரலை உயர்த்துவார். டெல்டா உறுப்பினர் இரண்டு கைகளால் முக்கோணம் காட்டுவார். குழுவாகப் படம் எடுக்கும்போது பக்கத்தில் நிற்கும் தோழியும் ஆசையில் அதே முத்திரையைக் காட்டிவிடுவாள், படம் இன்ஸ்டாகிராமுக்குப் போய்விடும். அப்புறம் எவ்வளவு அழித்தாலும் யாரோ ஒருவரிடம் பிரதி இருக்கும். படம் எடுக்கும்போது கையைக் கீழே தொங்கவிட்டு நில்லுங்கள், போதும். விருந்துகளில் உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தாளத்துக்கு அசைந்து கூட்டத்தினூடே போவார்கள், அதற்கு ஸ்ட்ரோல் என்று பெயர். அந்த வரிசைக்கு நடுவே குறுக்கே போகக் கூடாது, வாலில் போய் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. பல கறுப்பினக் கல்லூரி வளாகங்களில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு மரமோ, பெஞ்சு போட்ட சிறு மேடையோ உண்டு. 'ப்ளாட்' என்பார்கள். வண்ணம் பூசியிருந்தால் அதில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

சின்னங்களுக்கு இவ்வளவு காவல் இருப்பதை வெறும் பெருமிதம் என்று ஒதுக்க முடியாது. அவற்றின் பின்னால் வேலை இருக்கிறது. ஏ.கே.ஏ-வின் வாசகம் "பண்பாலும் தகுதியாலும்" என்ற பொருள் தருவது. அதற்கு உரைகல்லாக 1930-களின் மிசிசிப்பி நலத்திட்டத்தையே சொல்ல வேண்டும். சங்கத்தின் தலைவி ஐடா ஜாக்சன் 1934-இல் மிசிசிப்பியின் லெக்ஸிங்டனில் கிராமத்து ஆசிரியர்களுக்குக் கோடைப் பள்ளி நடத்தப் போனார். போன இடத்தில், பாடம் ஒருபக்கம் இருக்கட்டும், மக்களுக்கு உடம்பே சரியில்லை என்பது தெரிந்தது. 1935 முதல் டாக்டர் டொரத்தி ஃபெரபீ தலைமையில் மருத்துவர்களும் செவிலியரும் கோடைதோறும் போனார்கள். பண்ணை முதலாளிகள் தங்கள் ஆட்களை வேலையை விட்டுக் கிளினிக்குக்கு அனுப்ப மறுத்தார்கள். உடனே இவர்கள் மருந்தையும் ஊசியையும் காரில் ஏற்றிக்கொண்டு பருத்திக் காட்டுக்கே போனார்கள். குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பானுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி போட்டார்கள். 1942 வரை நடந்தது. இன்று சேவை என்ற பெயரில் ஒரு நாள் குப்பை பொறுக்கிப் படம் போட்டுவிட்டு, மணிக்கணக்குச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பதாரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திட்டம் போட்டுப் போனது ஒன்று, தேவைப்பட்டது வேறொன்று. தேவைப்பட்டதைச் செய்தார்கள். நேர்காணலில் "உன் சேவை அனுபவத்தைச் சொல்" என்று கேட்டால் அவர்கள் தேடுவது இதைத்தான்: எங்கே போனாய், என்ன கண்டாய், கண்ட பிறகு எதை மாற்றினாய்.

இனி சேரும் வழி. இங்கே பெரிய குழப்பம் ஒன்று உண்டு. சினிமாவில் பார்க்கும், ஆகஸ்ட் வெயிலில் வீட்டு வாசலில் கைதட்டிப் பாட்டுப் பாடும் 'ரஷ்' வேறு, ஏ.கே.ஏ போன்ற கறுப்பினச் சங்கங்களின் 'இன்டேக்' வேறு. முதலாவது 1902-இல் உருவான நேஷனல் பன்ஹெலனிக் கான்ஃபரன்ஸின் கீழ் வரும் சங்கங்களுடையது. முதலாண்டு மாணவி முதல் வாரத்திலேயே பதிவு செய்யலாம். சில நாள் சுற்றுச்சுற்றாகப் பல சங்கங்களைப் பார்த்து, அவள் தரவரிசை எழுத, அவர்களும் எழுத, இரண்டும் பொருந்தும் இடத்திலிருந்து அழைப்பு வரும். அழைப்புக்கு 'பிட்' என்று பெயர். கடைசிச் சுற்றுக்குப் பின் கையெழுத்துக் கேட்கும் ஒப்பந்தத்தை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். தான் எழுதிக் கொடுத்த சங்கத்திலிருந்து அழைப்பு வந்தும் மறுத்தால், அந்த வளாகத்தில் அந்த வகைச் சங்கம் எதிலும் ஓராண்டுக்குச் சேர முடியாது. களைப்பில், "எதையாவது எழுதிவைப்போம்" என்று விருப்பமில்லாத பெயரை எழுதிவிட்டு அழுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. மனமில்லாத பெயரை எழுதாமல் விட உரிமை உண்டு.

இன்டேக் அப்படி இல்லை. ஆண்டுக்கொரு தேதி கிடையாது. ஒரு சாப்டர், அதாவது சங்கத்தின் கிளை, இரண்டு மூன்று ஆண்டு யாரையும் சேர்க்காமலும் இருக்கலாம். கல்லூரியில் ஏற்கெனவே பெற்ற மதிப்பெண்கள் வேண்டும், சேவை வேண்டும், பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். எல்லா இனத்தவரும் சேரலாம். தமிழ்ப் பெண்ணும் சேரலாம். ஆனால் "ஏன் இங்கே?" என்ற கேள்வி நிச்சயம் வரும். ஸ்டெப் நடனம் பிடிக்கும், கமலா ஹாரிஸைப் பிடிக்கும் என்பவை பதில்கள் அல்ல. அந்தச் சாப்டர் நடத்தும் பொது நிகழ்ச்சிகளுக்கு ஒன்றிரண்டு ஆண்டு போய், வேலைகளில் கைகொடுத்து, கறுப்பின வரலாற்றைப் படித்து, அங்கே தன் இடம் என்ன என்பதை யோசித்தவளுக்குத்தான் பதில் இருக்கும். விருப்பத்தை ஊரெல்லாம் சொல்லக் கூடாது. ஓர் உறுப்பினரிடம் தனியே, மரியாதையாகச் சொன்னால் போதும்.

அறிவிப்பு வந்தால் கெடு சில நாட்களே இருக்கும். அதனால் கோப்பு எப்போதும் தயாராக இருக்க வேண்டும்: பல்கலைக்கழகம் முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல், சேவை செய்த நிறுவனத்தின் முகவரித் தாளில் மணிக்கணக்கோடு கடிதம், ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பு. இந்தியாவிலோ இலங்கையிலோ படித்து இடையில் மாறி வந்தவர்களுக்கு மதிப்பெண் மாற்றிக் கணக்கிடும் சான்று பல வாரம் எடுக்கும். பெரும்பாலும் அதில்தான் வாய்ப்பு நழுவுகிறது. பணமும் கையில் இருக்க வேண்டும். தேசியக் கட்டணம், சாப்டர் சந்தா, பிறகு ஜாக்கெட் போன்ற பொருள்கள் என்று மூன்று அடுக்கு. சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். முதல் இரண்டும் எழுத்தில் இருக்கும், ரசீது வரும். மூன்றாவது முழுக்க விருப்பம். சந்தா கட்டி நடப்பில் இருப்பவரை 'ஃபைனான்ஷியல்' என்பார்கள். அவருக்குத்தான் வாக்குரிமை. சில சங்கங்கள் கிறிஸ்தவ நெறிகளை அடிப்படையாகக் கொண்டவை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. வேறு சமயத்து வீட்டுப் பெண்கள் உறுதிமொழி எடுக்கும் நாளில் திகைப்பதைவிட, முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்டால் தவறாக எண்ண மாட்டார்கள்.

ஹேஸிங் பற்றி மனதில் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ராகிங் யார் புதிதாக வந்தாலும் நடப்பது. ஹேஸிங் சேர விரும்புகிறவள் மேல் நடப்பது. அவளே விரும்பி வந்தவள் என்பதால் அவளால் வெளியே சொல்ல முடியாது, அங்கேதான் அதன் பலம். கறுப்பினச் சங்கங்களின் கூட்டமைப்பு 1990-இல் நெடுநாள் சோதித்துச் சேர்க்கும் பழைய 'ப்ளெட்ஜிங்' முறையையே ரத்து செய்து, சில நாட்களில் முடியும் முறையான இன்டேக்கைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் சில இடங்களில் "காகிதத்தில் சேர்ந்தவள்" என்ற ஏளனத்துக்குப் பயந்து பெண்கள் மறைவான சோதனைகளுக்குத் தலைகொடுக்கிறார்கள். அதிகாரப்பூர்வ அழைப்புக் கடிதம் வரும் முன்பே "ரகசியமாகத் தொடங்குகிறோம்" என்றால் அது போலி வழி. நள்ளிரவில் வரச் சொல்வது, தூங்க விடாதது, ரசீதில்லாமல் பணம் கேட்பது, பழைய உறுப்பினர்களுக்குக் கார் ஓட்டவும் துணி துவைக்கவும் வைப்பது, வீட்டாரோடு பேசாதே என்பது, கைபேசியை வாங்கி வைப்பது ஆகியவற்றில் ஒன்று போதும், விலகிவிட வேண்டும். "நானே சம்மதித்தேன்" என்பது பல மாநிலங்களில் செய்தவர்களைக் காப்பாற்றாது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டரசுச் சட்டத்தின்படி, ஹேஸிங் செய்ததாகக் கண்டறியப்பட்ட அமைப்புகளின் பெயரையும் நடந்ததையும் தண்டனையையும் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும். சேர்வதற்கு முன் தன் கல்லூரியின் அந்த அறிக்கையைத் தேடிப் படிக்கும் வேலை அரை மணி நேரம்தான். பெற்றோரும் படிக்கலாம். வாரம் இரண்டு முறை பேசுகிற பெண் திடீரென்று இரண்டு வாரம் பேசாமல், பேசினாலும் குரல் தளர்ந்து இருந்தால், படிப்புச் சுமை என்று விட்டுவிடாதீர்கள்.

முறையாகச் சேர்ந்த பிறகு வருவதுதான் ப்ரோபேட், புதியவர்களை வளாகத்துக்கு அறிமுகப்படுத்தும் திறந்தவெளி நிகழ்ச்சி. இதைச் சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, உறுதிமொழி முடிந்த பிறகு நடக்கும் கொண்டாட்டம். ஒன்றாகச் சேர்ந்தவர்கள் 'லைன்'. பெரும்பாலும் உயர வரிசை. குட்டையானவள் முதல் எண், அவள் 'ஏஸ்'. கடைசி ஆள் 'டெயில்'. எல்லோரும் ஒரே உடையில், முகம் மறைத்து, ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டினாற்போல் அடியெடுத்து வருவார்கள். நிறுவனர் பெயர்களையும் சங்க வரலாற்றையும் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள், மற்றச் சங்கங்களுக்கு வாழ்த்துச் சொல்வார்கள், ஸ்டெப் ஆடுவார்கள். கடைசியில் ஒவ்வொருத்தியாக முகம் திறந்து தன் பெயர், லைன் பெயர், எண் சொல்லும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்த நொடிக்காகத்தான் குடும்பங்கள் பல நூறு மைல் ஓட்டிக்கொண்டு வருகின்றன.

இதில் என்ன தவறும் என்றால், முதலாவது மயக்கம். முழங்காலை இறுக்கி ஒரே நிலையில் அரை மணி நின்றால் கால் ரத்தம் மேலே ஏறாது. தலை சுற்றும். முழங்காலைச் சற்றே தளர்த்தி நிற்கப் பழக வேண்டும், இரண்டு மணி நேரம் முன்பு சாப்பிட்டிருக்க வேண்டும், தண்ணீர் குடித்திருக்க வேண்டும். இரண்டாவது தொண்டை. ஒத்திகையிலேயே கத்தித் தீர்த்தால் அன்று காற்றுதான் வரும். கடைசி இரண்டு நாள் ஒப்பிப்பதைத் தாழ்ந்த குரலில் செய்வது நல்லது. மூன்றாவது தாளம். ஸ்டெப் என்பது கை, தொடை, பாதம் மூன்றையும் பறையாக்கும் ஆட்டம். பரபரப்பில் காலப்பிரமாணம் ஓடிவிடும். எட்டு எண்ணிக்கைக் கட்டுகளாகப் பிரித்து, முதலில் பாதம் மட்டும், பிறகு கை மட்டும், பிறகு சேர்த்து, மெதுவான காலத்தில் பழகிவிட்டு வேகம் கூட்ட வேண்டும். பரதம் கற்ற பெண்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஆனால் அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: உடலை அழகாக நிறுத்தப் பார்ப்பார்கள். இங்கே சத்தம் ஒரே சத்தமாக விழுவதுதான் அழகு. ரப்பர் அடி ஷூ ஓசையைத் தின்றுவிடும், கெட்டியான அடி வேண்டும். சிமென்ட் தரையில் அதிக நேரம் பழகினால் முழந்தாள் எலும்பு வலிக்கும், மரத்தளம் கிடைத்தால் அங்கே பழகுங்கள்.

பார்க்க வரும் குடும்பத்துக்கு: சொன்ன நேரத்தில் தொடங்காது, மடக்கு நாற்காலி கொண்டுபோங்கள். வரிசைக்கு முன்னால் உறுப்பினர்கள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்ப் படம் எடுக்காதீர்கள். பரிசும் பூவும் முடிந்த பிறகு. பூ என்றால் ஏ.கே.ஏ-வுக்குப் பிங்க் டீ ரோஜா.

நம் பிள்ளைகள் பலர் தெற்காசியச் சொராரிட்டிகளிலும் சேர்கிறார்கள். 1998-இல் மட்டும் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகா, ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் காப்பா ஃபை காமா, நியூயார்க் செயின்ட் ஜான்ஸில் சிக்மா சிக்மா ரோ மூன்றும் பிறந்தன. லைன், ப்ரோபேட், ஸ்ட்ரோல் என்று அவர்கள் புழங்கும் வழக்கங்களில் பல கறுப்பினச் சங்கங்கள் வளர்த்தெடுத்தவை. அதைத் தெரிந்து, சொல்லி, மதித்து ஆடும் சாப்டர்களே நல்ல சாப்டர்கள். அமைப்பு சிறியது, நம்மவர்கள்தானே என்ற நம்பிக்கையில் ஹேஸிங் அறிக்கையைப் பார்க்காமல் விடாதீர்கள். எந்தச் சங்கமானாலும் அதே சோதனையைச் செய்யுங்கள்.

ஏ.கே.ஏ-வில் கல்லூரியோடு உறவு முடிவதில்லை. பட்டம் பெற்றவர்களுக்கென்று தனிச் சாப்டர்கள் உண்டு. வேலைக்காக ஊர் மாறினால் புதிய ஊரின் சாப்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். அறுபது வயதிலும் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். தலைவியை 'பேசிலியஸ்' என்பார்கள், செயலாளரை 'கிராமட்டியஸ்' என்பார்கள். கடிதம் எழுதும்போது இந்தப் பதவிப் பெயரைப் போட வேண்டும். உறுப்பினர் இறந்தால் 'சுவருக்கு அப்பால் சென்ற ஐவி' என்ற பொருளில் அவரைக் குறிப்பிட்டு, சொரார்கள் தங்களுக்கே உரிய அஞ்சலி ஒன்றை நடத்துவார்கள். அதைக் குடும்பம் கேட்டால்தான் செய்வார்கள், தாமாக வந்து நடத்த மாட்டார்கள். ஆகவே உறுப்பினராக உள்ள ஒவ்வொருவரும், தான் சேர்ந்த சாப்டரின் பெயர், சேர்ந்த ஆண்டு, இப்போதைய சாப்டரின் தொடர்பு எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, காப்பீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிட வேண்டும். பின் ஊசி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையும் அதில் எழுதிவையுங்கள்.